மேசைக் கண்ணாடியின் கீழ் ஒரு கடிதம்

நிமிஷக்காரருக்கு மாறாத வழக்கம் ஒன்று உண்டு. வாசிப்புச் சோதனைக்காக ஒரு பிள்ளை எதிரே வந்து அமர்ந்ததும், சட்டைப் பையிலிருந்து சாவி கொடுக்கும் பழைய ஸ்டாப்வாட்சை வெளியே எடுப்பார். கைக்குட்டையால் அதன் முகத்தை இருமுறை துடைப்பார். இடது உள்ளங்கையில் அதைப் பதமாக வைத்துக்கொண்டு, "அவசரமே இல்ல, கண்ணு. நிதானமாப் படி" என்பார். அந்தச் சொல் வாயிலிருந்து முழுதாக வெளிவருவதற்குள் வலது கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருக்கும்.

"அவசரமே இல்லன்னு சொல்லிக்கிட்டே ஓட்டப்பந்தயம் வைக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்று அவர் மனைவி சிரிப்பார். வீட்டிலும் அந்தக் கடிகாரம் ஓய்வதில்லை. பால் பொங்குவதற்கும், குழாயில் வாளி நிறைவதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. வெளியே கிளம்பும்போது அந்த அம்மாள், "ஏங்க, நான் சேலை கட்டினது எத்தனை வார்த்தைக்கு ஆச்சு?" என்று கேட்பார். அவரும் சளைக்காமல், "இருநூத்துப் பத்து" என்பார்.

கல்வி அலுவலகத்தில் அவர் வாசிப்புச் சோதகர். மற்ற சோதகர்கள் கைபேசியில் நேரம் பார்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மட்டும் மாறவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையின்றி வாசிக்கிறார்கள் என்று எண்ணி எழுதுவதே அவர் பணி; நிமிஷக்காரர் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

முன்பெல்லாம் இந்தச் சோதனை ஆண்டின் இறுதியில் ஒரே ஒரு முறை நடந்தது. புத்தகமே இல்லாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளிகள் எப்போதும் அடிவரிசையில் நின்றன. அந்த ஆசிரியர்களே எப்போதும் திட்டு வாங்கினார்கள். அது அநியாயம் என்று அலுவலகத்தில் எழுந்து நின்று பேசியவர் நிமிஷக்காரர். "பிள்ளைங்க எங்க நிக்கறாங்கன்னு மட்டும் பாக்காதீங்க. எங்கிருந்து கிளம்பி எங்க வந்தாங்கன்னு பாருங்க" என்றார். அவர் சொன்னதே விதியாயிற்று. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நிமிடம், இறுதியில் ஒரு நிமிடம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே அந்த வகுப்பின் வளர்ச்சி. அளவுகோல் மாறிவிடக் கூடாது என்பதற்காக இரு முறையும், எல்லா ஆண்டும், ஒரே பாடம்தான். ஒரு குளக்கரை ஆமையைப் பற்றி அவரே எழுதிய சிறு கதை அது. வளர்ச்சி முப்பது சொல்லுக்குக் குறைந்தால் ஆசிரியருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். இருமுறை குறைந்தால் இடமாற்றம்.

ஐந்தாண்டுகளில் வளர்ச்சி எண்கள் ஏணி வைத்ததுபோல் ஏறின. தொடக்க எண்கள் மட்டும் ஆண்டுக்காண்டு இறங்கின. "பிள்ளைகள் முன்னைவிடப் பின்தங்கிய நிலையில் பள்ளிக்கு வருகிறார்கள், அப்படியிருந்தும் நம் ஆசிரியர்கள் அவர்களை மேலே தூக்கி விடுகிறார்கள்" என்று அவர் தம் அறிக்கையில் எழுதினார். மேலதிகாரி அந்த வாக்கியத்தைக் கூட்டத்தில் இருமுறை படித்துக் காட்டினார்.

இந்த ஆண்டு அவருடைய இரக்க மனம் இன்னொன்றையும் கேட்டு வாங்கியது. தொடக்கத்தில் நிமிடத்துக்குப் பதினைந்து சொல்கூட வாசிக்க முடியாத பிள்ளைகளை ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்பு மையத்துக்கு மாற்றித் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்றார். அலுவலகம் ஒப்புக்கொண்டது. முன்கூட்டித் தெரிந்தால் பள்ளிகள் ஏதாவது தில்லுமுல்லு செய்யும் என்று, சோதனை முடியும்வரை அந்த விதியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளாக வளர்ச்சியில் முதலிடம் பெறும் பள்ளிக்குத் தொடக்கச் சோதனைக்காக அவர் போனார். முப்பத்தொரு பிள்ளைகள். துறுதுறுவென்ற கண்களோடு ஒரு சிறுமி வந்து அமர்ந்தாள். ஆமையின் கதையில் ஒவ்வொரு சொல்லாகத் தடுக்கித் தடுக்கி நடந்தாள். "குளக்கரையில்" என்ற சொல் வந்ததும் விரலை அதன்மேல் ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அதற்கு முன் வந்த பிள்ளைகளும் அங்கேதான் கூரையைப் பார்த்தார்கள். பல்லி ஏதேனும் இருக்கிறதோ என்று அவரும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். நிமிடம் முடிந்தபோது அவள் கணக்கு பதினொன்று. "பரவாயில்ல, கண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார். அந்த வகுப்பில் மட்டும் பதினைந்துக்குக் கீழே பத்தொன்பது பேர் இருந்தார்கள். கடிதங்கள் அவர் கையெழுத்தோடு அச்சாகி அவரவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுவாரம் வியாழக்கிழமை அந்த ஸ்டாப்வாட்சின் பொத்தான் உள்ளே போனது. வெளியே வர மறுத்தது.

செருப்புக் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில், ஒருவர் பக்கவாட்டில் நுழைந்தால் போதும் என்பதுபோல் ஒரு கடிகாரக் கடை இருந்தது. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டின. கண்ணாடி பதித்த மேசைக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கடைக்காரர் அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் தரையில் செய்தித்தாளை விரித்துப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"அடேயப்பா, இது நம்மள மாதிரி பழைய உருப்படி. விட்டுட்டுப் போகாதீங்க, சார், பத்து நிமிஷத்துல எழுப்பி உக்கார வச்சிடறேன்" என்றார் கடைக்காரர். ஊசிமுனைத் திருப்புளியால் மூடியைத் திறந்து, ஏதோ ஒரு பல்சக்கரத்தை ஊதி, தட்டி, மூடினார். "கண்ணு, ஓட்டிப் பாக்கணும். படி."

நிமிஷக்காரர் வியப்போடு பார்த்தார்.

"எனக்கு எழுத்து வாசனையே கிடையாதுங்க, சார். சின்ன வயசுலயே இந்த முக்காலியில உக்காந்தவன். கடிகாரத்தை ஓட்டிப் பாக்கற நேரமெல்லாம் இவ எனக்குப் பேப்பர் படிப்பா. கடிகாரமும் சரியாகும், ஊர் சேதியும் தெரியும்."

பொத்தான் அழுந்தியது. சிறுமி வாசித்தாள். ஆற்றுப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருப்பதைப் பற்றிய செய்தி அது. "போக்குவரத்து மாற்றியமைக்கப்பட்டுள்ளதாக" என்ற நீண்ட சொல்லை வழுக்குப் பாறையில் நீர் இறங்குவதுபோல் இறங்கிக் கடந்தாள். பொறியாளர் சொன்ன இடத்தில் குரலைத் தாழ்த்தினாள். பொதுமக்கள் புலம்பிய இடத்தில் தானும் புலம்பினாள். நிமிஷக்காரரின் கட்டைவிரல், பழக்க தோஷத்தால், மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கி எண்ணிக்கொண்டிருந்தது.

"அறுபது செகண்ட், அச்சுப் பிசகாம ஓடுது" என்றார் கடைக்காரர்.

"தொண்ணூத்தேழு" என்றார் நிமிஷக்காரர், தம்மையறியாமல். "பாப்பா எந்த வகுப்பு?"

"மூணாவதுங்க. பேசற வேகத்தைப் பாத்து குருவின்னு கூப்பிடறோம். குருவி, சாருக்கு வணக்கம் சொல்லு."

சிறுமி திரும்பினாள். துறுதுறுவென்ற கண்கள் அவரைக் கண்டதும் அப்படியே நின்றன. அவரும் அவளை அடையாளம் கண்டார். பதினொன்று. குளக்கரை. கூரை.

கடைக்காரருக்கு இது எதுவும் தெரியவில்லை. மேசைக் கண்ணாடியை விரலால் தட்டினார். "நீங்க படிச்சவர். இதைப் பாருங்க, சார். அரசாங்கத்துலேர்ந்து வந்த லெட்டர். ரெண்டு நாளா இங்கதான் வச்சிருக்கேன், வர்றவங்க எல்லார் கண்ணுலயும் படட்டும்னு. இவதான் படிச்சுக் காட்டினா. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. 'உங்கள் மகள் வகுப்பிலேயே மிக நன்றாக வாசிக்கிறாள். அவளைப் பெற்ற உங்களைப் பாராட்டுகிறோம்.' ஆனா பாருங்க, வர்றவங்க குனிஞ்சு படிக்கறாங்க, ஒரு வார்த்தை பேசாம போயிடறாங்க. நேத்து ஒரு அம்மா என் முகத்தைக் கூடப் பாக்கல. பொறாமை, சார், வேற என்ன!"

நிமிஷக்காரர் குனிந்தார். கண்ணாடிக்கு அடியில், எல்லோரும் படிக்கத் தோதாக நேராக வைக்கப்பட்டிருந்தது அந்தக் கடிதம்.

*உங்கள் மகளின் வாசிப்புத் திறன் வயதுக்குரிய அளவில் இல்லை. வரும் திங்கட்கிழமை முதல் அவள் சிறப்பு மையத்தில் சேர்க்கப்படுவாள். தற்போதைய வகுப்பில் அவளுடைய இடம் நீக்கப்படுகிறது.*

கீழே அவருடைய கையெழுத்து. அதன் கடைசிச் சுழிப்பைத் தாம் எவ்வளவு ரசித்துப் போடுவோம் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வந்தது. சுவரிலிருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உரக்க அடிப்பதுபோல் இருந்தது. ஒன்றுகூட அடிக்கவில்லை.

"என்ன சார், நீங்களும் பேச மாட்டேங்கறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். "பொத்தானுக்கு ஒரு ஸ்பிரிங் போடணும், அடுத்த தெருவுல கிடைக்கும். கடையைப் பாத்துக்க, கண்ணு." படியிறங்கிப் போனார்.

நிமிஷக்காரர் கடிதத்திலிருந்து கண்ணை எடுத்துச் சிறுமியைப் பார்த்தார்.

"நீ அன்னிக்குப் பதினோரு வார்த்தைதானே படிச்ச?" என்று கேட்டார் நிமிஷக்காரர்.

"ஆமா, சார்." சிறுமி தலை குனிந்தாள். "பத்துக்குள்ள நிறுத்தணும். ஒண்ணு கூடிப்போச்சு. மன்னிச்சுக்குங்க, சார்."

அவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "யாரு அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல." உதட்டை மடித்துக் கடித்தாள். பிறகு பொறுக்கவில்லை. "நாங்க மூணு நாள் பழகினோம், சார். மத்தவங்களுக்கெல்லாம் வந்திடுச்சு. எனக்குத்தான் வரவே இல்ல. கண்ணு பாத்ததும் வாய் படிச்சிடுது. அப்புறம் டீச்சர் ஒரு வழி சொன்னாங்க, ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவுலயும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும்னு. குளக்கரையிலன்னு வந்தா கூரையைப் பாக்கணும். அது எல்லாருக்கும் பொது."

"லெட்டரை ஏம்மா மாத்திப் படிச்ச?"

"உள்ளபடி படிச்சா அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போடுவாரு. டீச்சர் பாவம். திங்கட்கிழமை நான் பாட்டுக்கு எங்க வகுப்புலயே போய் உக்காந்துக்குவேன். வருஷக் கடைசியில நல்லாப் படிச்சுட்டா எல்லாம் சரியாயிடும். சரியாயிடும்தானே, சார்?"

தாமே அவளுக்குச் சொன்ன சொல் அது. அலுவலகப் பட்டியலில் அந்த வகுப்பிலிருந்து அவள் பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டுவிட்டது என்பது அவருக்குத் தெரியும். கடைக்காரர் திரும்பி வருவதற்குள், ஸ்டாப்வாட்சை மேசைமேலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் மதிய இடைவேளையில், பிள்ளைகள் வெளியே போயிருந்த வகுப்பறையில், மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் முன் அந்தப் பத்தொன்பது பெயர்ப் பட்டியலை வைத்தார். ஆசிரியை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பட்டியலைப் படித்த பிறகு சிவப்புப் பேனாவை மூட மறந்து கையிலேயே வைத்திருந்தார். மை புடவையில் பொட்டுப் பொட்டாக இறங்கியது.

"இடத்தையே எடுத்துடுவாங்களா? திங்கட்கிழமையா? பிள்ளைங்க யாரும் லெட்டரைப் பத்தி வாயே திறக்கல. எனக்கு இப்படி ஒரு விதி இருக்கறதே தெரியாது, சார்."

"தெரிஞ்சா ஏமாத்துவீங்கன்னுதான் சொல்லாம வச்சோம்."

ஆசிரியை அழவுமில்லை, மறுக்கவுமில்லை. அலமாரியைத் திறந்து ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினார். அதிலும் அதே கையெழுத்து, அதே சுழிப்பு. *தங்கள் வகுப்பு போதிய வளர்ச்சி பெறவில்லை.*

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வந்த பிள்ளைங்க தொடக்கத்துலயே எண்பது வார்த்தை படிச்சாங்க, சார். ரெண்டாம் வகுப்பு டீச்சர் தங்கமானவங்க, அப்படி உருவாக்கி அனுப்பியிருந்தாங்க. நான் பாடுபட்டு நூறு ஆக்கினேன். வித்தியாசம் இருபதுதான். நல்லாப் படிக்கிற பிள்ளைங்களை வச்சிருந்ததுக்கு எனக்கு இந்தத் தாள். அடுத்த வருஷமும் குறைஞ்சிருந்தா, எங்கேயோ தூக்கிப் போட்டிருப்பீங்க. என் அம்மா படுக்கையில இருக்காங்க, நான் எங்க போறது? நீங்க கேட்டது வித்தியாசம் மட்டும்தானே? கொடுத்தேன்."

"உங்க பள்ளிக்கூடத்துல மட்டும்தானா?"

ஆசிரியை அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும், இரக்கம் இருந்தது. "தொடக்க எண்ணு வருஷா வருஷம் இறங்குதே, ஏன்னு நீங்க யோசிக்கவே இல்லையா, சார்?"

அவர் யோசித்திருந்தார். யோசித்து, ஓர் அழகான வாக்கியமும் எழுதியிருந்தார்.

காட்டில் ஒரு முறை இப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்த மழைக்குள் அதிகம் வளர்ந்தவருக்கே பெரிய மரத்தின் நிழல் என்று முயல் பறையறைவித்தது. முதல் அளவெடுப்பு நாளில் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது, மயில் தோகையைச் சுருட்டியது, ஒட்டகம் மண்டியிட்டது. யானை மட்டும் இருந்தபடி நின்றது. மழை முடிந்து மறுபடி அளந்தபோது எல்லோரும் நீட்டி நிமிர்ந்து முழ முழமாக வளர்ந்திருந்தார்கள். யானை உண்மையாகவே ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. யானைக்கு வெயில் கிடைத்தது. அளவு நூலை மடித்து வைத்த முயலோ, காடு செழித்துவிட்டது என்று நிம்மதியாக உறங்கப் போயிற்று.

வகுப்பறை வாசலிலேயே நின்று நிமிஷக்காரர் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் பேசினார். எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"பட்டியலை ரத்து பண்ண ஒரு படிவம் இருக்கு" என்றார் மேலதிகாரி கடைசியில். "அதுல, பிழை யாருடையதுன்னு ஒரு கட்டம். பள்ளிக்கூடம்னு போட்டீங்கன்னா விசாரணை. அது முடிய ஆறு மாசமாகும். அது வரைக்கும் பிள்ளைங்க மையத்துலதான் இருப்பாங்க, அந்த டீச்சரம்மாவுக்கும் வேலை போகும். சோதகர்னு போட்டா இன்னிக்கே ரத்து. ஆனா உங்க சோதகர் அட்டையும் ரத்தாயிடும். இருபத்திரண்டு வருஷம், யோசிச்சுக்குங்க."

"அவசரம், சார். படிவத்தை அனுப்பச் சொல்லுங்க" என்றார் அவர்.

ஆசிரியை கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "அந்தப் பத்தொன்பது பேர்கிட்டயும் திங்கட்கிழமை முதல் மணியிலயே நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், சார்" என்றார். "குருவிகிட்ட முதல்ல."

அன்று மாலை வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "ஏங்க, கணக்கு தப்பிப்போச்சா?" என்று ஓடிவந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நடந்ததை அவர் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் கேலி எதுவும் செய்யவில்லை. பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் கட்டத்தில் *சோதகர்* என்று எழுதினார். கீழே இருந்த சிறிய இடத்தில் இடுக்கி இடுக்கி, வித்தியாசத்தை மட்டும் கேட்டது தாமே என்றும், ஐந்தாண்டுத் தொடக்க எண்கள் எதையும் இனி நம்ப வேண்டாம் என்றும் எழுதிச் சேர்த்தார். அன்றிரவே அதை மேலதிகாரியின் கையில் கொடுத்து, பத்தொன்பது வீடுகளுக்கும் ரத்துக் கடிதங்கள் வாங்கினார்.

சனிக்கிழமை காலை கடிகாரக் கடையின் படியேறினார். குருவி அப்பாவுக்குப் பின்னால் அதே இடத்தில் இருந்தாள்.

"வாங்க, சார்! உங்க உருப்படி தயாரா இருக்கு."

"அதுக்காக வரல." அவர் மேசையருகே நின்றார். "கண்ணாடியைக் கொஞ்சம் தூக்குங்க. அந்த லெட்டரை நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

"குருவிதான் படிச்சுட்டாளே?"

"உள்ளபடி நான் படிக்கறேன்."

சிறுமியின் கை செய்தித்தாளின் ஓரத்தைக் கசக்கியது. அவர் கடிதத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் வாசிக்கக் கேட்டவர், வாய் திறந்தார். "உங்கள் மகளின்…" நின்றார். "உங்கள் மகளின் வா… வாசிப்புத்…" அடுத்த சொல்லின்மேல் விரலை ஊன்றிக்கொண்டார். கண்கள் தாமாகவே கூரைக்குப் போயின.

"அவசரமே இல்ல, சார்" என்றது பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

ஒவ்வொரு சொல்லாக அவர் முடிவுவரை படித்தார். கீழே இருந்த பெயரையும் படித்தார். "அந்தப் பேரு என்னுதுதாங்க" என்றார்.

கடைக்காரர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கடிதம் இருந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்தார். "நாலு நாளா இதை இங்க வச்சு… ஊரே குனிஞ்சு பாத்துச்சே" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அப்போ அன்னிக்கு நீ படிச்சது?"

"அது நானே சொன்ன லெட்டருப்பா."

"பிள்ளை மேல தப்பில்ல" என்றார் நிமிஷக்காரர். "ஊர்க்காரங்க மேலயும் இல்ல. உங்க பொண்ணு தொண்ணூத்தேழு வார்த்தை படிச்சதை என் காதாலயே கேட்டேன். படிக்கத் தெரியாதுன்னு எழுதினது நான். என்னை மன்னிக்கணும்." பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். "திங்கட்கிழமை இவ இவளோட வகுப்புக்கே போகலாம். பட்டியல் ரத்தாயிடுச்சு."

கடைக்காரர் அதை வாங்கவில்லை. "நீங்க படிக்க வேண்டாம், சார்" என்றார். "இவளே படிக்கட்டும். கண்ணு, இந்த வாட்டி என்ன எழுதியிருக்கோ அது."

குருவி எழுந்து வந்து வாங்கினாள். கடைக்காரர் பழக்கத்தால் ஸ்டாப்வாட்சை எடுத்து நிமிஷக்காரர் பக்கம் தள்ளினார். அவர் அதை மெல்லத் திருப்பித் தள்ளிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். அவள் படித்தாள். ஒரு வரி முடிந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். எவ்வளவு நேரம் ஆனதென்று யாரும் பார்க்கவில்லை.

படித்து முடித்த தாளை வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் நேராக வைத்தார் கடைக்காரர். பழைய கடிதத்தை இரண்டாக மடித்து நிமிஷக்காரரிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க, சார்."

அவர் அதை வாங்கி, ஸ்டாப்வாட்ச் இருந்து பழகிய சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.